42 வயதில் கிட்டத்து எழுத்து மங்குகிறது. கண்ணாடி போட ஆரம்பித்தால் பவர் ஏறிக்கொண்டே போகுமா?

இதுவரை கண்ணாடியே போட்டதில்லை, சில மாதமாக மொபைலைத் தள்ளிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது, போட்டால் கண் அதற்கே பழகிவிடும் என்று சுற்றி இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி பவர் எழுதிக் கொடுப்பவர். இதே பயத்தில் வருடக்கணக்காகத் தலைவலியோடு சமாளித்துவிட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தள்ளிப்போட்டதால் யாருக்கும் பவர் குறைந்து நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் வெள்ளெழுத்துதான், வயதாவதால் கிட்டத்து எழுத்து மங்குவது. கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை வளைக்கும் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் (கண்ணாடி பவரைச் சொல்லும் அதே அலகு). அதில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் இருக்கும் தெளிவான படலமான கார்னியாவுடையது. ஆனால் அதன் வளைவு நிலையானது. தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு கையில் இருப்பதைப் பார்க்கும்போது மாறுவது உள்ளே இருக்கிற லென்ஸ். அதைச் சுற்றி வளையமாக ஒரு தசை, தசைக்கும் லென்ஸுக்கும் நடுவே மெல்லிய நார்கள். தூரத்தைப் பார்க்கும்போது தசை தளர்ந்து, நார்கள் விறைப்பாக நின்று லென்ஸைத் தட்டையாக இழுத்து வைத்திருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தசை சுருங்கும், வளையம் சிறுத்து நார்கள் தொய்யும், பிடி விட்ட லென்ஸ் தன் இயல்பில் திரண்டுகொள்ளும். தாமஸ் யங் 1801இல் தன் கண்ணையே தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார். தண்ணீரில் கார்னியாவின் வேலை ஏறக்குறைய அற்றுப்போகும். அப்படியும் அவர் கண்ணால் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் மாற முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அந்த லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளர்கிறது. பழைய இழைகள் உதிர்வதில்லை, புதியவை மேலே படிந்துகொண்டே போகும், அதனால் லென்ஸ் இறுகுகிறது. பத்து வயதுப் பிள்ளையால் 7, 8 சென்டிமீட்டரில் இருக்கிற எழுத்தைக்கூடத் தெளிவாகப் பார்க்க முடியும். நாற்பதில் அது 20, 25 சென்டிமீட்டர் ஆகிறது. அறுபதில் ஏறக்குறைய ஒரு மீட்டர். கண்ணாடி போட்டவருக்கும் போடாதவருக்கும் இது ஒன்றுதான். பவர் ஏறும் என்பது உண்மை: தூரத்துக்குக் கண்ணாடி தேவைப்படாதவருக்கு இப்போது +1.00 என்றால் ஐம்பதில் +2.00 ஆகலாம், அறுபதை ஒட்டி +2.50 பக்கம் வந்து நின்றுவிடும். கண்ணாடி போடத் தொடங்கும் வயதும் லென்ஸ் இறுகும் வயதும் ஒன்றாக இருப்பதால் பழி கண்ணாடி மேல் விழுகிறது.

“போட்டுப் பழகின பிறகு கழற்றினால் முன்னைவிட மோசமாகத் தெரியுதே” என்பார்கள். தெளிவாகப் பார்த்துவிட்ட பிறகு பழைய மங்கலை மனம் ஏற்பதில்லை, அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு அட்டையில் குண்டூசியால் துளை போட்டு, அதைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் மங்கலாகத் தெரிந்த எழுத்தைப் பாருங்கள். தெளிந்தால் கோளாறு ஃபோகஸில்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். துளை, ஓரத்துக் கதிர்களைத் தடுத்துவிடுகிறது. வெயிலில் கண்பாவை சுருங்கும்போது படிக்க எளிதாக இருப்பதும் இதனால்தான்.

தூரத்தில் இருப்பது மங்கும் கிட்டப்பார்வை வேறு விஷயம். அங்கே கண்கோளமே நீண்டிருக்கும், பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழும். வளர்ந்த கண்ணின் நீளம் சுமார் 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலே இரண்டரை, மூன்று டயாப்டர் மைனஸ் வந்துவிடும். “கண்ணாடி போடாதே” என்ற அறிவுரை உண்மையிலேயே கெடுதல் செய்வது குழந்தைகளுக்குத்தான். ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்து திருத்தாமல் விட்டால், மூளை அந்தக் கண்ணின் பிம்பத்தை ஒதுக்கப் பழகி, சோம்பேறிக் கண் ஆகிவிடும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் மீட்பது எளிது. பிறகு நாளாக ஆகக் கடினம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வயதானவர் ஒருவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். பல நேரம் அது கண்புரையின் தொடக்கம். லென்ஸின் நடுப்பகுதி அடர்ந்து மைனஸ் பக்கம் நகர்வதால் கிட்டத்துப் பார்வை கொஞ்ச நாள் தெளியும், தூரம் மங்கும். அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

நீங்களும் கடையில் ஒரு ரெடிமேட் கண்ணாடி வாங்கிக்கொண்டு முடித்துவிடாதீர்கள். நான் அதிகம் அஞ்சுவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாகோமா நோய்க்கு. அதன் பொதுவான வகையில் வலி இருக்காது. பக்கவாட்டுப் பார்வை முதலில் போகும், இழந்த இடத்தை மூளை நிரப்பிக்கொள்வதால் பல வருடம் தெரியாது. போன பார்வை திரும்பாது. கண்ணாடிக்குப் போகும் அன்றே கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையை வருடம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அதற்காகக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும், அன்று வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஒரு ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ, கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.