கேள்வி – பதில்: கார்ட் வண்டியிலிருந்து ஃபார்முலா 1 வரை

கேள்வி: லூயிஸ் ஹாமில்டன் சிறுவர் கார்ட் பந்தயத்திலிருந்து ஃபார்முலா 1 வரை வந்தது எப்படி? வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு இது எட்டக்கூடியதா? (வாசகர், மதுரை)

பதில்: இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் 1985-இல் பிறந்த ஹாமில்டன், எட்டு வயதில் கார்ட் (சிறிய, கூரையில்லாத பந்தய வண்டி) பந்தயங்களில் இறங்கினார். செலவைச் சமாளிக்க ஒரே சமயத்தில் பல வேலைகள் பார்த்த தந்தை ஆண்டனி, தேர்ந்த சிறுவர்கள் பிரேக் பிடிக்கும் இடத்தை வளைவருகே நின்று கவனித்து, அதற்கும் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, அங்கேதான் பிரேக் பிடிக்க வேண்டும் என்று மகனுக்குக் காட்டுவாராம். பிற்காலத்தில் ஹாமில்டனின் முத்திரையாகிவிட்ட தாமதமான பிரேக்கிங் அப்போது படிந்த பழக்கம் என்றே நினைக்கிறேன்.

1995-இல் ஒரு விருது விழாவில் ஃபார்முலா 1 அணியான மெக்லாரனின் தலைவர் ரான் டென்னிஸிடம் கையெழுத்து வாங்கிய அந்தப் பத்து வயதுச் சிறுவன், ஒருநாள் உங்கள் காரை ஓட்டுவேன் என்றான். ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிடச் சொன்ன டென்னிஸின் அணி, 1998-இலேயே அவரைத் தன் இளம் ஓட்டுநர் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. அந்த ஆதரவு கிடைத்திராவிட்டால், எவ்வளவு திறமை இருந்தும் பணம் வழியை மறித்திருக்கும். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்.

பிறகு ஃபார்முலா 1-க்குக் கீழ்நிலையில் உள்ள கார் பந்தயத் தொடர்கள்: முதலில் ஃபார்முலா ரெனோ. 2005-இல் 20 பந்தயங்களில் 15 வெற்றிகளுடன் ஃபார்முலா 3 யூரோ சீரிஸ் பட்டம். 2006-இல் ஜிபி2 பட்டம். 2007-இல் மெல்பர்னில், தம் முதல் ஃபார்முலா 1 பந்தயத்திலேயே மூன்றாம் இடம். மறு ஆண்டு பிரேசிலில், மழையில் உலர்தரை டயர்களுடன் தடுமாறிய சக ஓட்டுநர் டிமோ கிளாக்கைக் கடைசிச் சுற்றின் முடிவில் முந்தி ஐந்தாவதாக வந்த ஹாமில்டன், பட்டத்துக்குப் போட்டியிட்ட ஃபெலிப்பே மாசாவை அந்த ஆண்டின் மொத்தப் புள்ளிக் கணக்கில் ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி உலகச் சாம்பியன் ஆனார்.