பரங்கிக்காய் சருமத்துக்கு உண்மையிலேயே நல்லதா?

நல்லதுதான், ஆனால் பூசுவதைவிடச் சாப்பிடுவதில்தான் பலன் அதிகம். பரங்கிக்காயின் (சில ஊர்களில் மஞ்சள் பூசணி) ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் பீட்டா கரோட்டின் என்ற நிறமி. நம் உடம்பு தேவையான அளவுக்கு அதை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது, தோலில் புதுச் செல்கள் ஒழுங்காக உருவாக அந்த வைட்டமின் வேண்டும். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் வெறுமனே அவித்துத் தின்பதைவிட, எண்ணெயில் தாளித்துத் தேங்காய் அரைத்துவிட்டுக் கூட்டு வைத்தால் நன்றாக உடம்பில் சேரும்.

வழித்துத் தூக்கிப்போடுகிறோமே, அந்த விதையும் முக்கியம். அதன் எண்ணெயில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறைய இருக்கிறது. தோலின் மேலடுக்குச் செல்களைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், நடுவில் இருக்கும் கொழுப்புதான் சாந்து. அது குறைந்தால் ஈரம் வெளியேறித் தோல் வறண்டு வெடிக்கும். அந்தச் சாந்துக்கு லினோலிக் அமிலம் தேவை.

பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, ஆறியதும் தயிர் கலந்து முகத்தில் பூசி, பத்து நிமிடத்தில் கழுவினால் கொஞ்ச நேரம் மென்மையாக இருக்கும், அவ்வளவே. முதலில் முழங்கையின் உட்புறம் தடவிப் பாருங்கள், அரித்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பலர் நினைப்பதுபோல இது நிறத்தை வெளுப்பாக்காது, அளவுக்கு மீறித் தினமும் தின்றால் உள்ளங்கைதான் மஞ்சளாகும்.