அம்மாவின் பெயரில் ஓர் இல்லம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்துக்காரன். 18 வருடமாகக் குவைத்தில் வேலை பார்க்கிறேன். போன பிப்ரவரியில் அம்மா தவறிவிட்டாள். எனக்கு ஆறு வயதாகும்போதே அப்பா இறந்துபோனார். அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை செய்துதான் எங்கள் மூன்று பேரையும் வளர்த்தாள். பிள்ளைகளை எங்காவது போர்டிங்கில் சேர்த்துவிடு என்று ஊரில் எல்லாரும் சொன்னார்களாம். அவள் விடவில்லை.

அவள் நினைவாக ஏதாவது செய்யாமல் எனக்கு மனம் ஆறாது. ஊரில் 10 சென்ட் நிலம் இருக்கிறது, கையில் 15 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மா பெயரில் 20 அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்ட வேண்டும் என்று ஆசை. வருடாவருடம் அவள் நினைவு நாளில் 100 விதவைகளுக்குச் சேலையும் 10 கிலோ அரிசியும் கொடுக்கலாம் என்றும் நினைக்கிறேன். இங்குள்ள 12 நண்பர்கள் மாதம் ஆளுக்கு 2000 ரூபாய் தருகிறோம் என்கிறார்கள். ஊரில் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். இது சரியா? எங்கிருந்து தொடங்குவது? பதிலைத் தளத்தில் போடுவதானால் என் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன், குவைத்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் வந்து நின்றேன். ‘அவள் விடவில்லை’ என்ற வரி.

இல்லம் கட்ட வேண்டாம். எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்வதற்கு மன்னியுங்கள். பிள்ளைகளை இல்லத்தில் விட மாட்டேன் என்று நின்ற ஒருத்தியின் பெயரை ஓர் இல்லத்துக்கு வைக்கப் போகிறீர்கள். அந்த 15 லட்சமும் அந்த 12 நண்பர்களும் போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. இன்றைக்கு உங்கள் அம்மாவைப் போல நிற்கிற பெண்கள் பிள்ளைகளை விடாமல் இருக்க எது தேவையோ, அதற்குப் போகட்டும்.

நான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பாவின் தங்கை, எனக்கு மாமி. அவள் கணவர் பனையேறி. 1979இல் பனையிலிருந்து விழுந்து இறந்தார். மாமிக்கு ஒரு மகள், ஒரு மகன். அவளும் அண்டி ஆபீஸுக்குத்தான் போனாள். வெளிநாட்டிலிருந்து அண்டி வரும் மாதங்களில் வேலை உண்டு, வராத மாதங்களில் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்படிப் பூட்டிய ஒரு மழைக்காலத்தில் மகனை ஒரு போர்டிங்கில் கொண்டுபோய் விட்டாள். அவனுக்கு அப்போது ஏழு வயது.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். துணைக்கு நானும் போவேன். தூக்குப்பாத்திரத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் கொண்டுபோவாள். அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல்நுனியெல்லாம் கருத்து உரிந்திருக்கும், பிள்ளை பார்த்துவிடக் கூடாது என்று முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டே பேசுவாள். ஒரு வருடம் கழிந்திருக்கும். அன்றைக்கு அவன் கிழங்கைத் தின்றுவிட்டு, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்டான். மாமி சிரித்தபடி தலையாட்டினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் குனிந்து, “அவன் என்னை நீங்கன்னு சொல்லுதான் மக்கா” என்றாள். அதற்குமேல் பேச முடியவில்லை அவளால். வீட்டில் அவன் அவளை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவான்.

அந்த போர்டிங்கில் யாரும் அவனைப் பட்டினி போடவில்லை, அடிக்கவும் இல்லை. பெரியவர்களை மரியாதையாகப் பேசு என்று நல்ல எண்ணத்தில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று நல்ல வேலையில் இருக்கிறான், சோறு போட்டவர்களை நன்றியோடு நினைக்கிறான். ஆனால் அந்த ‘நீங்க’ கடைசிவரை மாறவே இல்லை. அவனுக்கு மூன்று நேரச் சோறும், துணியும், காவலுக்கு ஆளும், கட்டிடமும் தர யார் யாரோ பணம் அனுப்பினார்கள். அதில் ஒரு பங்கை மாமி கையில் கொடுத்திருந்தால் அவன் வீட்டிலேயே இருந்திருப்பான். அவளிடம் இல்லாமல்போனது அரிசிதான் தம்பி. பிள்ளை வளர்க்க அவளுக்குத் தெரிந்திருந்தது.

அநாதை இல்லம் என்று நாம் சொல்லும் இடங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உண்டு. நம் ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள். இன்றைய சட்டமும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, ஒரு பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழி. முதலில் சொந்த வீடு, அது முடியாதபோது உறவினர் வீடு, வளர்ப்புக் குடும்பம். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவது குற்றம். குழந்தைகள் நலக் குழு அனுப்பாமல் நாமாக ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளவும் முடியாது. யாருமே இல்லாத பிள்ளைகளும் நம் மாவட்டத்தில் உண்டு, அவர்களுக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. அதை முறையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குவைத்தில் இருந்துகொண்டு, எல்லாவற்றையும் ‘பார்த்துக்கொள்கிற’ ஒருவரை நம்பி 20 பிள்ளைகளின் இரவுகளை ஒப்படைக்காதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அப்போதும் வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். 15 லட்சத்தை வங்கியில் போட்டு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,05,000 ரூபாய், மாதம் 8,750. நண்பர்கள் தருவது 24,000. இரண்டும் சேர்ந்தால் 16 வீடுகளுக்கு மாதாமாதம் 2000 ரூபாய் போகும், முதல் அப்படியே இருக்கும். 2000 ரூபாயில் ஒரு குடும்பம் வாழ்ந்துவிடாது. ஆனால் அண்டி ஆபீஸ் பூட்டிக்கிடக்கும் மாதத்தில் அந்தப் பணம் இருந்தால் மீட்டர் வட்டிக்குப் போக வேண்டாம். மாதாமாதம் அதே தேதியில் வரும் என்ற உறுதிதான் இதில் பெரிது. மூன்று மாதம் கொடுத்து நாலாம் மாதம் மறப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம். கடைசிப் பிள்ளை படித்து முடிக்கும்வரை என்று முடிவு செய்துகொண்டு இறங்குங்கள். எட்டு வீடுதான் முடியும் என்றால் எட்டு வீடு போதும்.

பணத்துக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது கூட நடக்க ஓர் ஆள். ஆதரவற்ற விதவைகளுக்கு அரசு மாதம் 1200 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. கணவனை இழந்தவளின் பிள்ளைக்கு, கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருந்தால், வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய்வரை கேட்கலாம். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2000 உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1000. இதையெல்லாம் வாங்க இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று, பெயர் சரியாக உள்ள ஆதார், ரேஷன் கார்டு என்று ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் ஒரு எழுத்து என்றால் அதோடு நின்றது. கிராம அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் இ-சேவை மையத்துக்கும் நாலு நாள் அலைந்தால் நாலு நாள் கூலி போச்சு. அந்தக் கூலியைக் கொடுத்து, கூடவே போய் வர ஒரு படித்த பெண்ணைச் சம்பளத்துக்கு வையுங்கள். நீங்கள் தரும் 2000க்குப் பக்கத்தில் அரசின் 4000த்தையும் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

100 விதவைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை யார் எழுதுவார்கள், யார் அதில் வரமாட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கருங்கல்லிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? 2017 நவம்பர் 30ஆம் தேதி ஓகிப் புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரை முழுவதும் ஆழ்கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்துக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. உடல் இல்லையென்றால் இறப்புச் சான்று இல்லை. ஒருவரைப் பற்றி 7 வருடம் எந்தத் தகவலும் இல்லையென்றால்தான் இறந்ததாகக் கொள்வது நம் சாட்சியச் சட்டம். ஓகியின்போது மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், அரசு அந்த 7 வருடத்தைப் பார்க்காமல் காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் கொடுத்தது. ஆனால் ஏதோ ஒரு சாதாரண மாதத்தில் ஒற்றை வள்ளத்தில் போய்த் திரும்பாதவனின் மனைவிக்காக யார் போராடுவது? தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றே அவளுக்குத் தெரியாது. விதவை என்று எழுத அவளிடம் காகிதம் இல்லை, சுமங்கலி என்று சொல்லிக்கொள்ள மனமும் இல்லை. கணவன் விட்டுவிட்டுப் போனவளும் அப்படித்தான். உங்கள் 16 வீடுகளில் இரண்டையாவது இவர்களுக்கு ஒதுக்கி வையுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது சான்றிதழை அல்ல, அடுப்பு எரிகிறதா என்பதை.

சேலையும் அரிசியும் பற்றி. மேடை போட்டு, வரிசையில் நிற்கவைத்து, போட்டோ எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் தயவுசெய்து வேண்டாம். வருடத்தில் ஒரு நாள், ஊர் முழுக்கப் பார்க்க, நான் தாலி அறுத்தவள் என்று ஒருத்தி மேடையேறி ஒப்புக்கொண்டால்தான் அந்தச் சேலை கிடைக்கும் என்றால் அது எவ்வளவு பெரிய விலை! நம் அம்மாக்களுக்கு இதைவிட நல்ல முறை தெரிந்திருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி கோயிலுக்குப் போகும், எல்லார் வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கலந்துவிடும். வாங்கிக்கொண்டு போகிறவளுக்கு அது யார் வீட்டு அரிசி என்று தெரியாது. யாருக்கும் கடன்பட்டவளாக அவள் தலை குனிய வேண்டியதில்லை.

தையல் மெஷினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கட்டாயம் சொல்வார்கள். சுனாமிக்குப் பிறகு நம் கரையில் எத்தனை மெஷின் வந்து இறங்கியது என்று பார்த்தவன் நான். 1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களையே மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். அது நடந்தது ஊசியும் நூலும் கொடுத்ததால் மட்டுமல்ல. பின்னியதை விற்றுத் தரும் பொறுப்பையும் மிஷன் ஏற்றுக்கொண்டது. விற்றுத் தர ஆள் இருந்தால் மெஷின் கொடுங்கள். இல்லையென்றால் அது வீட்டு மூலையில் துணி போட்டு மூடிக் கிடக்கும்.

அப்புறம் அந்த 10 சென்ட் நிலம். அதை விற்காதீர்கள். அங்கே ஒரு பெரிய அறை போதும். நாலு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு, அம்மா வேலையிலிருந்து வரும்வரை பூட்டிய வீட்டுத் திண்ணைதான் இடம். பெண் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்னும் பயம். நல்ல வெளிச்சம், ஒரு கழிப்பறை, பாடம் சொல்லித்தர இரண்டு டீச்சர், ஒரு கிண்ணம் அவித்த பயறு. அம்மா வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகட்டும். ராத்திரி அவரவர் வீட்டில் தூங்கட்டும். அந்த அறைக்கு உங்கள் அம்மாவின் பெயரை வையுங்கள், அது பொருந்தும்.

ஒரு சின்ன விஷயம். இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. 12 நண்பர்களில் யாராவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அவர் பணத்தை இதில் சேர்ப்பதற்கு முன் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த லீவுக்கு எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகள் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்றில் மூன்று பிள்ளைகள், மூத்தவளை போர்டிங்கில் விடலாமா என்று அம்மா யோசித்துக்கொண்டிருக்கிறாள். சேர்ந்தே போவோம். ஆனால் இரவு ஏழு மணிக்கு மேல்தான் போக முடியும், பகலில் அவர்கள் அண்டி ஆபீஸில் இருப்பார்கள்.

அன்புடன்,
அண்ணன்