அக்காவை வகுப்புக்கு அனுப்புங்கள்

வாசகி கடிதம்:

"என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பேச்சு குறைவு, ஆனால் சொல்வதெல்லாம் புரியும். காலையில் எழுந்ததும் 'பொங்கல்' என்பான், அன்று புதன்கிழமையாக இருக்கும். பள்ளியில் போடும் காலை உணவை வைத்தே கிழமை சொல்வான். வகுப்பில் சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான், சில நேரம் வெளியே ஓடிவிடுவான். டீச்சர் நல்லவர்தான். ஆனால் தலைமை ஆசிரியை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் 'டவுனில் சிறப்புப் பள்ளி இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுங்கள்' என்கிறார். எனக்கு மனமில்லை. நல்லவேளையாக இவன் அக்கா அதே பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். இவன் அழுதால் அவளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள், பாத்ரூமுக்கும் அவள்தான் கூட்டிப்போவாள். நான் மில் வேலைக்குப் போகிறேன். கணவர் திருப்பூரில் இருக்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். மாமியார் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் பள்ளியில் வந்து உட்காரக் கூச்சப்படுகிறார். மகளைப் பற்றிக் கவலை இல்லை, பொறுப்பான பெண். இந்த வருடம் கணக்கில் மட்டும் கொஞ்சம் மார்க் குறைந்துவிட்டது. மகனை இங்கேயே வைத்திருப்பதா, சிறப்புப் பள்ளிக்கு மாற்றுவதா?"

– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சின்னது. இங்கேயே வைத்திருங்கள். எந்தப் பள்ளி என்று முடிவு செய்வது தலைமை ஆசிரியையின் வேலை இல்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளை 6 வயதிலிருந்து 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 31-ஆவது பிரிவில் சொல்கிறது. எது என்பது உங்கள் விருப்பம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள். அந்த அட்டை கையில் இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "அப்புறம் வாங்க" என்பார்கள்.

சரி, அது முடிந்தது. இப்போது நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

மகனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். இடமில்லாமல் நான்தான் சுருக்கினேன். மகளைப் பற்றி எழுதியது மொத்தமே நாலைந்து வரி. அதில் ஒரு "நல்லவேளை", ஒரு "கவலை இல்லை". அப்புறம் போகிறபோக்கில் கணக்கு மார்க். இந்த மூன்றும் தனித்தனிச் செய்தி என்று நினைத்தா எழுதினீர்கள்? ஒரு தாய்க்கு இது தெரியாமல் போகுமா என்றுதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஏழாம் வகுப்பில் கணக்கு டீச்சர் போர்டில் சமன்பாடு எழுதிக்கொண்டிருப்பார். வாசலில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நிற்பான். "டீச்சர், அவன் அக்காவை வரச்சொன்னாங்க." என்ன ஏது என்று யாரும் கேட்கமாட்டார்கள், பழகிவிட்டது. உங்கள் மகள் நோட்டுக்கு நடுவில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போவாள். தம்பியைச் சமாதானப்படுத்தி, தண்ணீர் குடிக்கவைத்து, உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வரும்போது போர்டு அழிந்திருக்கும். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வாள். விடை இருக்கும், எப்படி வந்தது என்பது இருக்காது. தமிழ்ப் பாடத்தையும் வரலாற்றையும் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். கணக்கில் ஒரு நாள் விட்டால் மறுநாள் நடத்துவதும் புரியாது. மார்க் குறைந்தது கவனக்குறைவால் இல்லை அம்மா. அவள் வகுப்பிலேயே இல்லை.

அடுத்தது பாத்ரூம். எந்தப் பாத்ரூம் என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? பன்னிரண்டு வயதுப் பெண் எட்டு வயதுத் தம்பியைப் பையன்கள் பக்கம் கூட்டிப்போகிறாளா, பெண்கள் பக்கம் கூட்டிப்போகிறாளா? பையன்கள் பக்கம் என்றால், எட்டாம் வகுப்புப் பையன்கள் வந்துபோகிற இடத்தில் அவள் எங்கே நிற்கிறாள்? பெண்கள் பக்கம் என்றால், உள்ளே இருக்கும் பிள்ளைகள் இவனைப் பார்த்துக் கத்தும்போது என்ன செய்கிறாள்? பெரிய மனுஷி ஆகிற வயதில், அல்லது ஆகிவிட்ட பெண்ணாகவே இருக்கலாம், பள்ளியில் இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரும் கைகட்டி நிற்க, இவள் போய்த் தம்பியின் டவுசரைக் கழற்றிவிட வேண்டும்.

உங்கள் மாமியாருக்குக் கூச்சம். சரி, வயதானவர், அவர் வளர்ந்த காலம் அப்படி. அந்தக் கூச்சத்துக்கு உங்கள் வீட்டில் மரியாதை இருக்கிறது. மகளுக்குக் கூச்சம் வராதா? வரும். சொன்னால் "உன் தம்பிதானே" என்று நீங்கள் ஒரு பார்வை பார்ப்பீர்கள் என்று தெரிந்து சொல்லாமல் இருக்கிறாள். அதைத்தான் "பொறுப்பான பெண்" என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

இதே கடிதம் ஊர் மாறி ஊர் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எப்போதும் ஒரு "நல்லவேளை" இருக்கும். அபூர்வமாக அது அண்ணன், மற்றபடி அக்கா. நான் குடும்பத்தைப் பெரிதாக நினைக்கிறவள். உடன்பிறந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. நீங்களும் உங்கள் கணவரும் தளர்ந்த பிறகு இவனுக்கு யார் என்று இரவில் யோசித்திருப்பீர்கள், யோசிக்காத தாய் இல்லை. உங்கள் மனதில் வந்த பதில் அவள்தான், இல்லையா? அப்படியென்றால் அந்த அன்பு நாற்பது வயதிலும் அவளிடம் இருக்க வேண்டும். அசலை எடுத்து இன்றைக்கே செலவழித்துவிட்டு, பின்னாளில் வட்டி வரும் என்று காத்திருக்கிறீர்கள். தம்பி தன் படிப்பைத் தின்றவன் என்று அவள் மனதில் ஒருமுறை பதிந்துவிட்டால் எந்தப் பாசத்தைச் சொல்லியும் அதை அழிக்க முடியாது. கடமை என்பது வீட்டில் மூத்தவர்களிடமிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். உங்கள் வீட்டில் அப்பா ஊரில் இல்லை, அம்மா மில்லில், பாட்டிக்குக் கூச்சம், எல்லோரையும் தாண்டி வந்து நேராகக் குழந்தை தலையில் விழுந்திருக்கிறது.

தலைமை ஆசிரியைக்கும் கொஞ்சம் இருக்கிறது. அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பிள்ளையைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்வதோடு, அவனுக்கு வேண்டிய வசதியையும் தனிப்பட்ட ஆதரவையும் பள்ளி தர வேண்டும் என்கிறது. அந்த ஆதரவு என்ற கட்டத்தில் உங்கள் பள்ளி உங்கள் மகளை எழுதி நிரப்பிவிட்டது. சம்பளம் இல்லை, கேள்வி இல்லை, கூப்பிட்டால் வருகிற ஆயா. அவள் இருக்கும்வரை இவன் ஏன் அழுகிறான் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. வகுப்பு டீச்சர் நல்லவர் என்கிறீர்கள், நம்புகிறேன். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு செல்போனில் பதிவேற்றமும் செய்துகொண்டு திணறுகிற டீச்சர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உங்களுடையது நடுநிலைப் பள்ளி, எட்டாவதோடு சரி. மகள் அடுத்த வருடம் எட்டு, அதற்கடுத்த ஜூனில் வேறு பள்ளிக்குப் போய்விடுவாள். மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு. அன்றைக்கு இவன் அழுதால் யாரைக் கூப்பிடுவார்கள்? உங்களைத்தான், அதுவும் மாற்றுச் சான்றிதழை எழுதி வைத்துக்கொண்டு.

ஆகவே அந்த வேலையை அவளிடமிருந்து வாங்கிப் பள்ளியிடம் கொடுக்க வேண்டும். இன்றைக்கே திடீரென்று நிறுத்தினால் பையன் தவித்துப்போவான். படிப்படியாகச் செய்யுங்கள்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்காருங்கள். தம்பி எப்போது அழுகிறான், அதற்கு முன்னால் என்ன நடந்தது, நீ என்ன செய்தால் நிற்கிறது என்று கேட்டு எழுதுங்கள். மணி அடிக்கும்போதா, மதியம் தட்டோடு எல்லோரும் வரிசைக்கு ஓடும்போதா, பாடம் பாதியில் மாறும்போதா? உங்களைவிட, டீச்சரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தாளைப் பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்றுநரிடம் கொடுங்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து வருபவர். ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓடுகிறார் என்பது உண்மை. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2022-இல் விதி எழுதினார்கள், நடைமுறை அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. அதனால்தான் அவர் வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அன்று நீங்கள் மில்லுக்கு விடுப்பு போட வேண்டும். உங்கள் மகனுக்கென்று எழுதிய தனிநபர் கல்வித் திட்டம் எங்கே என்று கேளுங்கள். இருந்தால் படித்துக்காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் முன்னால் எழுதச் சொல்லுங்கள்.

வகுப்பில் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. உங்கள் பையன் பொங்கலை வைத்துப் புதன்கிழமையைக் கண்டுபிடிக்கிறான். ஒழுங்காக வருவது எதுவோ அதைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை. அப்படியானால் நாள் எப்படிப் போகும் என்பதைப் படமாக வரைந்து அவன் கண்முன் ஒட்டிவைக்கலாமே. காலை உணவு, தமிழ், பாத்ரூம், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு. முடிந்ததை அவனே கழற்றிப் பெட்டியில் போடட்டும். அடுத்து என்ன என்று தெரிந்தால் பாதி அழுகை நிற்கும். மணி அடிக்கப்போகிறது என்று ஒரு நிமிடம் முன்னால் சொல்லலாம். மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் வருமுன் அவனை முதலில் அனுப்பலாம். இப்போது எங்கே உட்காருகிறான் என்று போய்ப் பாருங்கள். அழுதால் வெளியே கொண்டுபோக வசதி என்று கதவுப் பக்கம் உட்காரவைத்திருப்பார்கள், ஓடிவிடுகிறான் என்று புகாரும் சொல்வார்கள். சுவரோரம், டீச்சருக்குக் கிட்டே மாற்றச் சொல்லுங்கள்.

பாடத்துக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் நடப்பது 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பிள்ளைகளை உட்காரவைக்கிறார்கள். எல்லோரும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. இவன் அரும்பில் இருந்தால் அரும்பு. கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்தக் குழுவில் அவனுக்கு இடம் இருக்கிறதா, இல்லை மூலையில் கலர் பென்சிலைக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்களா?

பாத்ரூம் விஷயம் வீட்டில் தொடங்க வேண்டும். பட்டன் வைத்த டவுசரை மாற்றி எலாஸ்டிக் போடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதெல்லாம் ஒரே நேரத்துக்கு, ஒரே வரிசையில் பழக்குங்கள். தானே செய்யும்வரை பள்ளியில் கூட இருக்க வேண்டியது பெரிய ஆள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் படி இருக்கிறது, துணைக்கு வருகிறவருக்கும் படி இருக்கிறது. துணைக்கு வருவது ஒரு வேலை என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது, உங்கள் வீட்டில்தான் தெரியவில்லை. வட்டார வள மையத்தில் கேளுங்கள். முதல் இரண்டு மாதம் மாமியார் போய் உட்காரட்டும். பேரன் படிக்கிற இடத்தில் பாட்டி உட்காருவதில் என்ன கூச்சம்? அவரிடம் கண்டிப்பாகச் சொல்ல உங்களால் முடியாது என்றால், அவருடைய மகன் சொல்லட்டும்.

அந்த மகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் அடுத்த முறை வருவது பள்ளி வேலை நாளாக இருக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்கு அவரும் வந்து, ஏழாம் வகுப்பு மாணவியைப் பாட நேரத்தில் இனிக் கூப்பிடக் கூடாது என்று எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்க வேண்டும். நீங்கள் மட்டும் போனால் அழுதுவிட்டு வருவீர்கள், எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

சிறப்புப் பள்ளி கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி தெரிந்தவர்கள் சூழ இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்திருக்கிறேன். இத்தனையும் செய்து பார்த்து, ஒரு முழு வருடம் ஓடியும் பையன் தினமும் தவிக்கிறான் என்றால் அதை யோசியுங்கள், தப்பில்லை. ஆனால் இதுவரை, இப்போது படிக்கிற பள்ளியில் அவனுக்கு எதுவுமே செய்து பார்க்கவில்லையே. எதை வைத்து முடியாது என்கிறார்கள்?

மகள் அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதலாம். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதற்கு ஏழாம் வகுப்புக் கணக்கு வேண்டும். விட்டுப்போன பாடங்களைச் சாயங்காலம் அரை மணி நேரம் சொல்லித்தர முடியுமா என்று கணக்கு டீச்சரிடம் கேளுங்கள். அந்த அரை மணி நேரம் தம்பியை வீட்டுக்குக் கூட்டிவர வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டுக் கேளுங்கள்.