பெர்லினில் பார்க்க ஒன்றுமில்லாத இடங்கள்
(வாசகர் கேள்வி–பதில்)

பெர்லின் நகர மையத்தில் வரலாற்று நடைச்சுற்றுலா நடத்துவது என் தொழில். கோடை விடுமுறைக்கு ஜெர்மனி போகத் திட்டமிடுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

எல்லாத் தகவலும் போனிலேயே கிடைக்கிறது. காசு கொடுத்து ஒரு கைடு பின்னால் எதற்கு நடக்க வேண்டும்?

ரோம் போகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். கொலோசியத்தின் முன்னால் போய் நின்றாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பெர்லினில் அந்த வசதி கிடையாது. போரில் குண்டு விழுந்து போனது ஒரு பங்கு. அதற்குப் பிறகு கிழக்கிலும் மேற்கிலும் ஆண்டவர்கள் இடித்துத் தள்ளியது இன்னொரு பங்கு. முக்கியமான இடம் என்று நான் கூட்டிப்போய் நிறுத்தும் பல இடங்களில் பார்க்க ஒன்றுமே இருக்காது.

ஹிட்லர் கடைசி நாட்களைக் கழித்த பதுங்கு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1945 ஏப்ரல் 30 அன்று அங்கேதான் தற்கொலை செய்துகொண்டார். இன்று அதன் மேல் ஒரு கார் நிறுத்துமிடம் இருக்கிறது. சுற்றிலும் கிழக்கு ஜெர்மனிக் காலத்து அடுக்குமாடி வீடுகள்; யாராவது நாயைப் பிடித்துக்கொண்டு போவார்கள். 2006இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிக்குச் சற்று முன்புதான் ஒரு தகவல் பலகையே வைத்தார்கள். அதுவரை அந்த மண்ணுக்கு எந்த அடையாளமும் இல்லை. நாஜி அபிமானிகள் கும்பிட வரும் இடமாக மாறிவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம். என் குழுவில் வருபவர்கள் அங்கே முதலில் கேட்பது "இவ்வளவுதானா?" என்றுதான். இவ்வளவுதான். ஏன் இவ்வளவு மட்டும் விட்டு வைத்தார்கள் என்பதிலிருந்து பேச்சு தொடங்கும்.

பேபெல்பிளாட்ஸ் சதுக்கமும் அப்படித்தான். 1933 மே 10 இரவு நாஜி மாணவர்கள் சுமார் 20,000 புத்தகங்களைக் கொளுத்திய இடம். ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபெல்ஸ் வந்து பேசினார். குழந்தைகளுக்காக எழுதிய எரிஷ் கேஸ்ட்னர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தன் புத்தகங்கள் எரிவதைத் தன் கண்ணாலேயே பார்த்தார். இன்று போனால் கல் பாவிய வெறும் வெளி. நடுவில் தரையோடு தரையாக ஒரு கண்ணாடி. குனிந்து பார்த்தால் கீழே வெள்ளை அறை, சுற்றிலும் காலி அலமாரிகள். அதில் 20,000 புத்தகங்களுக்கு இடம் உண்டு. இஸ்ரேலியக் கலைஞர் மிக்கா உல்மான் 1995இல் அமைத்தது. வெயில் நேரத்தில் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும், கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். தெரியாமல் அதன் மேலேயே நின்று எதிரில் இருக்கும் பல்கலைக்கழகத்தைப் படம் எடுப்பவர்களை வேலை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அவர்கள் கையிலும் போன் இருக்கிறது.

'இலவச நடைச்சுற்றுலா' என்று விளம்பரம் பார்த்தோம். உண்மையிலேயே இலவசமா? கடைசியில் எவ்வளவு கொடுப்பது?

நுழைவுக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். கைடுக்குச் சம்பளமும் பெரும்பாலும் இல்லை. கடைசியில் நீங்கள் கொடுக்கும் டிப்ஸ்தான் வருமானம். பல இடங்களில் அதிலிருந்தும் தலைக்கு இவ்வளவு என்று கைடு நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். நீங்கள் ஒன்றும் கொடுக்காமல் நழுவினால், உங்களைக் கூட்டிப்போனதற்கு அவர் கைக்காசு கொடுத்த கணக்காகிவிடும். இரண்டரை மணி நேரம் நன்றாகப் பேசியவருக்கு ஆளுக்குப் பத்து யூரோவாவது கொடுப்பது நியாயம் என்பது என் கட்சி. நானும் இந்தத் தொழிலில் இருப்பவள். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். பதிவு செய்துவிட்டு வர முடியவில்லை என்றால் ரத்து செய்துவிடுங்கள்.

இந்த முறையில் ஒரு கோளாறும் உண்டு. டிப்ஸை நம்பிப் பேசுபவருக்குக் கதையில் மசாலா சேர்க்கும் ஆசை வரும். ஜெர்மனியில் நகரச் சுற்றுலா கைடாக உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் குடையைத் தூக்கிப் பிடிக்கலாம். ஆனால் நகரத்துக்கு வெளியே ஸாக்ஸன்ஹவுஸன் வதைமுகாமுக்குள் குழுவை அழைத்துப் போக அந்த நினைவிடத்தின் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். முகாமுக்குப் போகிறீர்கள் என்றால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற இடங்களில் நல்ல கைடைக் கண்டுபிடிக்க என் வழி இது: "இது எப்படித் தெரியும்?" என்று ஒரு கேள்வி போடுங்கள். ஆவணம், சாட்சி, வழக்கு என்று ஏதாவது சொல்பவர் தேறிவிடுவார். "எல்லாரும் சொல்வதுதான்" என்றால் மீதி நேரம் கட்டடங்களை ரசியுங்கள்.

யூத நினைவுச்சின்னத்தில் கற்களின் மேல் உட்கார்ந்து பலர் எடுத்த படங்களைப் பார்த்தேன். நாமும் எடுக்கலாமா?

பிராண்டன்பர்க் வாயிலிலிருந்து சில நிமிட நடைதான். நாஜிகள் கொன்ற யூதர்களின் நினைவாகக் கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மான் வடிவமைத்த 2,711 கான்கிரீட் பாளங்கள், 2005இல் திறந்தார்கள். ஓரத்தில் கணுக்கால் உயரம்கூட இல்லாதவை உள்ளே போகப் போக நாலரை மீட்டரைத் தாண்டும். தரையும் சரிந்துகொண்டே போகும். பக்கத்தில் வந்தவர் திடீரென்று காணாமல் போய்விடுவார்.

படம் எடுக்கத் தடையில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்பது விதி. வெளியோரம் உட்கார்ந்து கால் ஆற்றுபவர்களை நான் எதுவும் சொல்வதில்லை. போஸ் கொடுத்துச் சிரித்து எடுக்கும் படத்தைப் பற்றி நீங்களே முடிவு செய்யுங்கள். நான் சொல்ல விரும்புவது வேறு: மேலே பார்த்துவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். அடியில் ஒரு தகவல் மையம் இருக்கிறது, கட்டணம் இல்லை. அதில் ஓர் அறையில் கொல்லப்பட்டவர்களின் பெயரும் சிறு வாழ்க்கைக் குறிப்பும் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன. அத்தனை பேரையும் அந்த முறையில் வாசித்து முடிக்க 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பெரும்பாலான நடைச்சுற்றுலாக்கள் மேலே பத்து நிமிடம் நின்றுவிட்டு நகர்ந்துவிடும். கீழே போக நீங்கள் தனியாகத்தான் திரும்பி வர வேண்டும்.

என் மனைவி சுவஸ்திக் டாலர் போட்ட சங்கிலி அணிவார். பிரச்சினை வருமா?

நல்ல வேளை, முன்கூட்டியே கேட்டீர்கள். ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு, தடை செய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதைக் குற்றமாக்குகிறது. அபராதம் முதல் 3 ஆண்டு சிறை வரை போகலாம். சட்டத்தின் குறி நாஜிச் சின்னம், நம் மத அடையாளம் இல்லை. ஆனால் தெருவில் எதிரே வருபவருக்கும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் முதியவருக்கும் அந்த வித்தியாசத்தை நின்று விளக்க முடியுமா? டாலரைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். என் குழுவில் யாராவது அணிந்து வந்தால் தனியே கூப்பிட்டு இதைத்தான் சொல்வேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்று: ஹிட்லர் மாதிரி கையை நீட்டிப் படம் எடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். 2017இல் பாராளுமன்றக் கட்டடத்தின் முன்னால் அப்படி எடுத்த இரண்டு சீனச் சுற்றுலாப் பயணிகளைப் போலீஸ் பிடித்து, ஆளுக்கு 500 யூரோ பிணைத்தொகை கட்ட வைத்தது. பையன்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

செக்பாயிண்ட் சார்லி கட்டாயம் பார்க்க வேண்டுமா?

நகரம் இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் கிழக்கு பெர்லினுக்கும் மேற்கு பெர்லினுக்கும் இடையே இருந்த எல்லைச் சாவடி அது. வழியில் வந்தால் பாருங்கள். அங்கே நிற்கும் காவல் கூண்டு நகல்தான். அசல் கூண்டு நகரின் தென்மேற்கே ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கியும் சோவியத் டாங்கியும் எதிரெதிரே குழலை நீட்டி நின்ற தெருவில் இன்று நினைவுப் பொருள் கடைகள். ஆனால் பக்கத்து ஸிம்மர் தெருவில் கொஞ்சம் நடந்தால் ஒரு தூண் நிற்கும். 1962 ஆகஸ்ட் 17 அன்று கிழக்கிலிருந்து பெர்லின் சுவரைத் தாண்ட முயன்று சுடப்பட்ட பீட்டர் ஃபெஷ்டரின் நினைவாக வைத்தது. 18 வயது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ரத்தம் வழியக் கிடந்தான். இரண்டு பக்கமும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரை உண்மையிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்றால் வடக்கே பெர்னவர் தெருவுக்குப் போங்கள். நகர மையச் சுற்றுலாக்கள் நேரம் போதாது என்று அதை விட்டுவிடும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தத் தெருவின் ஒரு வரிசை வீடுகள் கிழக்கில் இருந்தன, வாசல் நடைபாதை மேற்கில் இருந்தது. 1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி எல்லையை மூடியதும் ஜனங்கள் ஜன்னல் வழியாக மேற்கில் குதித்தார்கள். கீழே தீயணைப்புப் படையினர் வலை விரித்துப் பிடித்தார்கள். இடா ஸீக்மான் என்ற பெண்மணி ஆகஸ்ட் 22 அன்று மூன்றாவது மாடியிலிருந்து மெத்தைகளைப் போட்டுவிட்டுக் குதித்து இறந்தார். சுவரில் இறந்தவர்களில் முதலாமவர் அவர். மறுநாள் அவருக்கு 59 வயது முடிந்திருக்கும். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள், பிறகு வீடுகளையே இடித்தார்கள்.

அதே தெருவிலிருந்து 1964இல் மாணவர்கள் மண்ணுக்கடியில் சுரங்கம் தோண்டி, அக்டோபர் தொடக்கத்தில் இரண்டு இரவுகளில் 57 பேரை மேற்கே கொண்டுவந்தார்கள். அப்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் எகோன் ஷுல்ட்ஸ் என்ற கிழக்கு ஜெர்மனி எல்லைக் காவலர் இறந்தார். தப்பிக்க உதவியவர்கள்தான் கொன்றார்கள் என்று சொல்லி அந்த அரசு அவரைத் தியாகி ஆக்கியது. பள்ளிகளுக்கு அவர் பெயர் வைத்தது. சுவர் விழுந்தபின் ஆவணங்களைப் பார்த்தால், அவர் உயிரைப் பறித்தது உடனிருந்த சக காவலரின் குண்டு. "இது எப்படித் தெரியும்?" என்று கேட்கச் சொன்னேனே, அதற்குத்தான். நினைவிடத்துக்குக் கட்டணம் இல்லை. எதிரே ஆவண மையத்தின் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் இரண்டு சுவர்களும் நடுவில் மணல் பட்டையும் காவல் கோபுரமுமாக எல்லை எவ்வளவு அகலமாக இருந்தது என்று தெரியும். சுவர் என்று நாம் நினைப்பது ஒரு மதில்தான். அங்கே இருந்தது ஒரு வயல் அகலத்துக்குக் கொலைக்களம்.

அப்பாவுக்கு 74 வயது, மூட்டு வலி. இரண்டு மூன்று மணி நேரம் நடக்க முடியுமா?

தூரம் பெரிதில்லை, மூன்று நான்கு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், மேடு பள்ளமும் இல்லை. சிரமம் நிற்பதில்தான். கைடு பேசப் பேச நின்றுகொண்டே கேட்க வேண்டும், கீழே பெரும்பாலும் கருங்கல் பாவிய தரை. மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். கழிப்பறைக்கு, நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போவின் தலைமையகம் இருந்த இடத்தில் உள்ள 'பயங்கரத்தின் நிலவரைவியல்' ஆவண மையம் நல்ல இடம். உள்ளே போகக் கட்டணம் இல்லை, உட்காரவும் முடியும். பாதியில் முடியாமல் போனால் கைடிடம் சொல்லிவிட்டு 100ஆம் எண் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். சுவர் விழுந்தபின் கிழக்கையும் மேற்கையும் சேர்த்து 1990இல் தொடங்கிய வழித்தடம் அது, முக்கியக் கட்டடங்களை ஒட்டியே போகும். டிக்கெட்டை முத்திரை இயந்திரத்தில் குத்த மறக்க வேண்டாம். செல்லாத டிக்கெட்டோடு பிடிபட்டால் 60 யூரோ. வயதானவர், வெளியூர்க்காரர் என்ற சலுகையெல்லாம் கிடையாது.

பெர்லினில் தமிழர் சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது உண்டா?

செண்பகராமன் பிள்ளை. 1914இல் ஸூரிக்கில் இந்திய விடுதலைக்கான குழுவைத் தொடங்கி, பிறகு பெர்லின் வந்து இங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களோடு சேர்ந்தவர். 1934இல் இந்த நகரத்தில்தான் இறந்தார். மனைவி லட்சுமிபாய் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து பல ஆண்டுகள் பாதுகாத்தார். 1914இல் சென்னை மீது குண்டு வீசிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனில் அவர் இருந்தார் என்ற கதையைக் கேட்டு எழுதியவர்கள் பலர். ஆதாரம் கிடைக்காததால் அதை நான் சொல்வதில்லை.

சுபாஷ் சந்திர போஸ் 1941 ஏப்ரலில் வந்தார். சுதந்திர இந்திய மையம், ஆசாத் ஹிந்த் வானொலி எல்லாம் இங்கே தொடங்கியவை. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே புறப்பட்டார். நம்மவர்களுக்கு இதைச் சொல்லும்போது அதே காலத்தில் இதே நகரத்தில் நடந்த இன்னொன்றையும் சேர்த்தே சொல்வேன்: 1941 அக்டோபர் 18 அன்று குரூனவால்ட் ரயில் நிலையத்திலிருந்து பெர்லின் யூதர்களை ஏற்றிய முதல் ரயில் கிளம்பியது. அங்கே 17ஆம் நடைமேடை ஓரத்தில் தேதியும் எண்ணிக்கையும் சேருமிடமும் பொறித்த இரும்புத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். போஸைப் பற்றிக் குறை சொல்கிறாய் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் தேதிகளைத்தான் சொல்கிறேன்.

கைடு ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால் நடுவில் நிறுத்திக் கேட்கலாமா?

தாராளமாக. புரியாமல் தலையாட்டும் கூட்டத்தைவிடக் குறுக்கே கேட்பவர் மேல்.

பாராளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு நடைச்சுற்றுலாவில் கூட்டிப்போவார்களா?

மாட்டார்கள், வெளியே நிறுத்திக் காட்டுவார்கள். கட்டணம் இல்லை, ஆனால் முன்பதிவு வேண்டும். பாராளுமன்றத்தின் இணையதளத்தில் நீங்களே செய்யலாம். கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகவே விமான டிக்கெட் எடுத்த கையோடு போட்டுவிடுங்கள். எல்லாருடைய பெயரும் பிறந்த தேதியும் கேட்பார்கள். அன்று பாஸ்போர்ட்டை ஓட்டலில் விட்டுவிட்டு வராதீர்கள்.