டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு ஊளைச் சத்தம் வருகிறது: பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது சரி?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை நீங்களே மாற்றினீர்கள். புல்லிகளில் உள்ள டைமிங் மார்க் எல்லாம் சரியாக நிற்கிறது, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனது. ஆனால் பழைய பெல்ட்டில் இல்லாத ஓர் ஊளைச் சத்தம் இப்போது வருகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே ஏறுகிறது. பெல்ட் லூசாக இருந்துவிடக் கூடாதே என்று பெல்ட்டை அழுத்தி இறுக்கும் ரோலரான டென்ஷனரைக் கம்பியால் நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்கியிருக்கிறீர்கள். 'நீளமான பக்கத்தை விரலால் 90 டிகிரி திருப்ப முடிந்தால் சரி' என்கிறார் நண்பர். உங்களால் பாதிகூடத் திருப்ப முடியவில்லை.

பெல்ட் அளவுக்கு மீறி டைட்டாக இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஒரு சின்னச் சோதனை மட்டும் முதலில் செய்துவிடுங்கள். வெளியே ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு வெளிப் பெல்ட்டிலோ அது சுற்றும் பாகங்களிலோதான். அப்படியே இருந்தால் டைமிங் கவருக்கு உள்ளே இருந்துதான் வருகிறது. அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம், சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப் அந்த வெளிப் பெல்ட்டில்தான் சுற்றும்.

கம்பியால் நெம்பத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. நமக்கெல்லாம் பெல்ட் என்றால் ஃபேன் பெல்ட்தான் பழக்கம். அது உராய்வால் இழுக்கிற பெல்ட். லூசானால் வழுக்கும், கீச்சிடும், இறுக்கினால் சரியாகும். டைமிங் பெல்ட் அப்படி இல்லை. 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் முதன்முதலாகத் தொடர் உற்பத்திக்கு வந்ததிலிருந்து இன்றுவரை அது பல்லால் இழுக்கிற பெல்ட். கிராங்க் புல்லியின் பள்ளத்தில் பெல்ட்டின் பல் உட்கார்ந்து தள்ளுகிறது. ஆகவே அதற்கு வேண்டிய இறுக்கம், பல் பள்ளத்தைவிட்டு ஏறி வெளியே வராத அளவுக்கு மட்டும்தான். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு கிலோவும் பேரிங்குகளின் மேல்தான் போய் உட்காரும்.

அது என்ன செய்யும் என்று ஒருமுறை கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நெம்பி இறுக்கிய பெல்ட்டோடு சில மாதம் ஓடிய ஒரு எஞ்சினைத் திறந்தேன். பெல்ட் வெளிப்பார்வைக்குப் புதிது மாதிரி இருந்தது, ஒரு வெடிப்புகூட இல்லை. உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினால், இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள சமமான இடத்தில் நைலான் துணி தேய்ந்து பளபளவென்று மின்னியது. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, பல்லுக்கு இடையிலேதான் தேய்மானம். அதிக இறுக்கத்தின் கையெழுத்து அது. வாட்டர் பம்ப் புல்லியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன், லேசாக ஆடியது. அதன் அடியில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து கூலண்ட் கசிந்து காய்ந்து, கோடு போட்ட மாதிரி ஒரு கறை. பெல்ட் அறுவதற்கு முன்பே பம்ப்பின் பேரிங் போய்விட்டது. அந்தப் பேரிங் இறுகி நின்றிருந்தால் பெல்ட்டும் கூடவே போயிருக்கும்.

லூசாக விட்டாலும் ஆபத்துதான், நீங்கள் பயந்ததில் தவறே இல்லை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் ஒரே ஒரு பல் தாண்டினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி விலகிவிடும். எஞ்சின் அப்போதும் ஓடக்கூடும், ஆனால் இழுக்காது, ஐடிலில் நடுங்கும். இரண்டு மூன்று பல் தாண்டினால், வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் வகை எஞ்சின்களில் இரண்டும் மோதி வால்வு வளையும். பல் தாண்டுவது பெரும்பாலும் நெடுஞ்சாலை வேகத்தில் நடப்பதில்லை. ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் நொடியிலும், கியரில் நிறுத்திய வண்டி பின்னால் உருண்டு எஞ்சினைத் தலைகீழாகச் சுற்றும்போதும்தான் நடக்கும்.

சரி, எப்படி வைப்பது?

எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ராத்திரி முழுவதும் நின்ற எஞ்சினாக இருந்தால் ரொம்ப நல்லது. ஒரு கணக்குப் பாருங்கள்: கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே 300 மில்லிமீட்டர் அலுமினியம் என்று எடுத்துக்கொண்டால், அது 70 டிகிரி சூடேறும்போது கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் வளரும். பெல்ட் மேலே போய்க் கீழே வருவதால் அதன் பாதை அதைப்போல் இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர், கூடும். பெல்ட்டுக்குள் இருப்பதோ நீளவே மறுக்கும் கண்ணாடி இழைக் கயிறு. அதனால் சூடான எஞ்சினில் பெல்ட் தானாகவே இறுகும். சூட்டில் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று விட்டால் காலையில் லூசாக இருக்கும்; குளிரில் நெம்பி இறுக்கினால் சூட்டில் கம்பி மாதிரி நிற்கும். நீங்கள் கேட்கும் ஊளை எஞ்சின் சூடேற ஏற இன்னும் கூடுகிறதா என்று கவனித்தீர்களா? கூடினால் என் ஊகம் இன்னும் உறுதியாகும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் எஞ்சின் என்றால் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள், கையால் சுற்றும்போது கம்ப்ரஷன் தடுக்காது. முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்பில், அதாவது உச்சியில், நிறுத்தி, கிராங்க் மார்க்கும் கேம் மார்க்கும் சேருகின்றனவா என்று பாருங்கள். மார்க்கை நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் அரைப்பல் விலகினதுபோலத் தெரியும், இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டு இருப்போம்.

பெல்ட்டை மாட்டும்போது கிராங்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கமாக மேலே போக வேண்டும். அந்தப் பக்கம் துளிகூடத் தொய்வு இல்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே கேமில் மாட்டி, மிச்சம் இருக்கும் தொய்வு மொத்தமும் டென்ஷனர் பக்கம் வந்து சேரும்படி செய்ய வேண்டும். இந்த ஒரு விஷயம் சரியாக அமைந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. இழுக்கும் பக்கத்தில் தொய்வு மாட்டிக்கொண்டால் டென்ஷனரை என்ன இறுக்கினாலும் பயனில்லை. எஞ்சினைச் சுற்றியதும் அந்தத் தொய்வு இந்தப் பக்கம் வந்துவிடும், மார்க்கும் விலகிவிடும்.

உங்கள் டென்ஷனர் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. மூன்று வகையை அதிகமாகப் பார்க்கலாம்.

பழைய எஞ்சின்களில் வெளியே ஒரு ஸ்பிரிங் தெரியும். அந்த வகையில் நம் கைக்கு வேலையே இல்லை. போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும், ஸ்பிரிங் தானாக ரோலரைப் பெல்ட்டின்மேல் தள்ளும், கையேடு சொல்கிற அளவு கிராங்கைச் சுற்றிவிட்டு, ஸ்பிரிங் தள்ளிய இடத்திலேயே போல்ட்டை இறுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் பலம்தான் அளவு. அதற்கு உதவி செய்வதாக நினைத்துக் கம்பியைக் கொடுத்தால் அளவு போய்விடும். உங்கள் எஞ்சினில் நடந்தது இதுவாக இருக்கலாம்.

இரண்டாவது, முள் இருக்கும் டென்ஷனர். நடுவில் ஆலன் கீ போடவோ இரட்டை முனைக் கருவி போடவோ துளை இருக்கும். திருப்பினால் ரோலர் ஓரமாக நகர்ந்து பெல்ட்டை அழுத்தும், முள்ளும் நகரும். பின்தகட்டில் ஒரு வெட்டு இருக்கும். முள் அந்த வெட்டுக்கு நேரே வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் திருப்புவது என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள். பின்தகட்டின் கொக்கி பிளாக்கில் அதற்கான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்புறம், இந்த வகையில் நிறையப் பேர் தவறவிடும் இடம் ஒன்று: நட்டை இறுக்கும்போது முள்ளும் அதோடு சேர்ந்து நகரும். ஒரு கையில் ஆலன் கீயை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையில் டார்க் ரெஞ்சால் நட்டை இறுக்க வேண்டும், கண் முள்ளின் மேலேயே இருக்க வேண்டும். நகர்ந்துவிட்டால் தளர்த்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. 'கொஞ்சம்தானே' என்று விடக் கூடாது.

மூன்றாவது ஹைட்ராலிக். அதன் தண்டை வைஸில் வைத்து நிதானமாக, ஒரேயடியாக அழுத்தாமல், உள்ளே தள்ளி ஊசியைக் குத்தி வைப்பார்கள். பெல்ட் மாட்டி முடிந்ததும் ஊசியை உருவினால் தண்டு தானே நீண்டு பெல்ட்டை இறுக்கும்.

எந்த வகையாக இருந்தாலும் இதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. கிராங்க் போல்ட்டில் நீண்ட கைப்பிடி மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே (பெரும்பாலான எஞ்சின்களில் புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்று) முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பின்னோக்கி ஒரு சிறிதும் வேண்டாம். மார்க்கைத் தாண்டிவிட்டால் திரும்பி வராமல் இன்னும் இரண்டு சுற்று போங்கள். எங்கேயாவது கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும், அது பிஸ்டனில் வால்வு தொடுவதாக இருக்கலாம். கையால் சுற்றினால் அது தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தெரியாது.

இரண்டு சுற்று முடிந்து மார்க் மறுபடி சேரும்போது, முள்ளைப் பாருங்கள். முதல் தடவை நேராக நின்ற முள் இப்போது ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி நிற்பது சாதாரணம்தான். புதுப் பெல்ட் பள்ளங்களில் உட்கார்ந்து, ஒளிந்திருந்த தொய்வெல்லாம் வெளியே வந்திருக்கும். நான் இந்த வேலையைக் கற்ற நாட்களில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன், முதல் தடவை நான் வைத்த முள்ளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "சுத்திட்டுக் கூப்பிடு" என்று மட்டும் சொல்வார். சுற்றிவிட்டுக் கூப்பிட்டால் டார்ச் அடித்துப் பார்ப்பார், முள் விலகியிருந்தால் நட்டைத் தளர்த்தி மறுபடி வைக்கச் சொல்வார். ஒருநாள் நான்கு தடவை இப்படி நடந்தது. நான்காவது தடவை சுற்றிய பிறகு முள் இருந்த இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் கவரை மூடவிட்டார். இன்றுவரை நானும் அப்படித்தான் செய்கிறேன்: சுற்றிய பிறகும் மாறாத அளவுதான் என் கணக்கில் அளவு.

நண்பர் சொன்ன 90 டிகிரி விஷயத்துக்கு வருகிறேன். அது பழைய மெக்கானிக்குகள் கைப்பழக்கத்தில் வைத்திருந்த குத்துமதிப்பு. டென்ஷனரில் முள்ளோ ஸ்பிரிங்கோ இல்லாத எஞ்சின்களில் வேறு வழியில்லாமல் பயன்பட்டது. பெல்ட்டின் அகலம், அந்தப் பக்கத்தின் நீளம், விரலின் பலம், மூன்றும் மாறினால் விடையும் மாறும். ஏதோ பெருந்தவறு நடந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உதவும், உங்களுக்கும் அப்படித்தான் உதவியிருக்கிறது. ஆனால் அதை வைத்து அளவு வைக்காதீர்கள். சில எஞ்சின்களுக்கு, பெல்ட்டை வீணைத் தந்திபோலத் தட்டி அதன் அதிர்வை ஹெர்ட்ஸில் அளக்கும் கருவியும் எண்ணும் கொடுத்திருப்பார்கள். அப்படிக் கொடுத்திருந்தால் அதுவே இறுதி.

உங்கள் எஞ்சினில் இப்போது கவனிக்க வேண்டிய இன்னும் சில. டென்ஷனர் ரோலர், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் ரோலர்), வாட்டர் பம்ப் மூன்றையும் பெல்ட் இல்லாமல் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். இவற்றைப் பெல்ட்டோடு சேர்த்து மாற்றாமல் விட்டிருந்தால் இப்போது மாற்றுவதே நல்லது, இந்த ஆழத்துக்கு மறுபடி இறங்குவது பெரிய வேலை. கிராங்க், கேம் ஆயில் சீல்களில் ஈரம் தெரிந்தால் அவையும்தான். இந்த ரப்பர் பெல்ட்டுக்கு எண்ணெய் ஆகாது. பெல்ட்டைப் பொறுத்தவரை, சில நிமிடம் மட்டும் ஓடியிருந்தால் சரியாக இறுக்கம் வைத்து நானாக இருந்தால் தொடர்வேன். பல நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டது என்றால் புதிது போடுவேன். மாட்டும்போது பெல்ட் எங்காவது மடிந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கூர்மையாக மடிந்திருந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை ஒடிந்திருக்கும், வெளியே தெரியாது. அந்தப் பெல்ட்டை மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

பெல்ட் கழன்றிருக்கும்போது கேமை மட்டுமோ கிராங்கை மட்டுமோ தனியாகச் சுற்றாதீர்கள். கேமை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், நான்கு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சினில் முதலில் கிராங்கை டாப்பிலிருந்து 90 டிகிரி தள்ளி வையுங்கள். நான்கு பிஸ்டனும் பாதி வழியில் நிற்கும், வால்வுக்கு இடம் இருக்கும். டைமிங் பூட்டும் ஊசிகளை நம்பிக் கிராங்க் போல்ட்டை இழுக்காதீர்கள், அவை நிலையைக் காட்டத்தான், பலத்தைத் தாங்க அல்ல.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மேல் கவரை மட்டும் திறந்து டென்ஷனரைப் பாருங்கள். வெளியே ஸ்பிரிங் தெரிகிறதா, முள் தெரிகிறதா, தெரிந்தால் முள் வெட்டுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று இங்கேயே எழுதுங்கள். எஞ்சின் மாடலையும் சேர்த்து எழுதினால், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை உங்கள் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பேசலாம்.