லீவு உள்ள 26, லீவு இல்லாத 26

கேள்வி: நவம்பர் 26 அரசியலமைப்பு நாள்னு ஸ்கூல்ல முகப்புரைய வாசிக்க வைக்கறாங்க, ஆனா லீவு என்னமோ ஜனவரி 26-க்குதான். ஏத்துகிட்ட அன்னிக்கே அமலுக்கு கொண்டாந்துருக்கலாமே?
(ஒன்பதாங்கிளாஸ் பையனோட அம்மா, ரெட்டிச்சாவடி)

பதில்: பையனுக்கு இன்னொரு லீவு வேணுமாக்கும்! 1949 நவம்பர் 26-ல அரசியல் நிர்ணய சபை ஏத்துகிச்சு, சரி, ஆனா 1930 ஜனவரி 26-லேர்ந்தே அத சுதந்திர நாள்னு காங்கிரஸ்காரங்க கொண்டாடிட்டு வந்தாங்க, கடைசில சுதந்திரம் ஆகஸ்ட் 15-ல வந்துடுச்சு, அந்த தேதி அம்போன்னு நின்னுச்சு, விட மனசில்லாம 1950-ல அதே தேதியில சட்டத்த அமலாக்கிட்டாங்க. குடியுரிமை, தேர்தல் கமிஷன்னு சில பிரிவு மட்டும் நவம்பர்லயே வந்தாச்சு. அரசியலமைப்பு நாள்னு அறிவிச்சதே 2015-லதான், லீவு கெடையாது.

கேள்வி: எங்க தாத்தா பாண்டிக்காரர். "மொத குடியரசு தினம் எங்களுக்கு கெடையாதுடா"ம்பாரு. கதை வுடறாரா சார்?
(வாசகர், கன்னியக்கோயில்)

பதில்: நெஜந்தான் தம்பி. அன்னிக்கு கடலூர் மெட்ராஸ் ஸ்டேட், தென்னாற்காடு ஜில்லா, அங்க நம்ம கொடி ஏறுது, இருவது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி பாண்டில பிரெஞ்சுக் கொடி பறக்குது (அதுவும் மூணு கலர்தான், வேற மூணு). 1954 அக்டோபர் 18-ல கீழூர்ல ஓட்டெடுப்பு, மக்கள் பிரதிநிதிங்க 178 பேர்ல 170 பேரு இந்தியாவோட சேரணும்னு ஓட்டு போட்டாங்க, நவம்பர் 1 நிர்வாகம் கைமாறுச்சு. ஆனா பத்திரம் மட்டும் பழைய ஓனர் பேர்லயே இருந்த வீடு மாதிரி ஆயிடுச்சு, 1956-ல ஒப்பந்தம் போட்டும் பிரான்ஸ் ஒப்புதல் குடுத்து முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆச்சு. அப்பறம் 14-வது திருத்தம் போட்டு யூனியன் பிரதேசமா சேத்தாங்க. அரசியலமைப்பு முதல் அட்டவணைய எடுத்து பாருங்க, புதுச்சேரிக்கு நேரா அந்த 1962 ஆகஸ்ட் 16 தேதியே இருக்கும். அதனாலதான் நவம்பர் 1, ஆகஸ்ட் 16 ரெண்டுக்கும் பாண்டில லீவு, பாண்டி எல்லையில இருக்கற முள்ளோடைய தாண்டி கடலூர் போனா எல்லாரும் ஆபீஸ்ல இருப்பாங்க. தாத்தாட்ட இன்னும் கேட்டு எழுதி வச்சுக்குங்க.

கேள்வி: ஜனவரி 26 முள்ளோடையில சரக்கு கடை உண்டா?
(பேர் வேணாம், கடலூர் ஓ.டி.)

பதில்: மூடிதான் இருக்கும். 25-ந்தேதி சாயங்காலம் பாண்டி பஸ்ல நிக்க எடம் இருக்காதே, கவனிச்சதில்லையா?